இரண்டு கால்மான்கள்

ஹங்கேரியின் அந்தச் சுரங்க ஊரில் கால்மான் என்ற பழைய பெயர் தெருவுக்கு ஒருவருக்காவது இருக்கும். சுரங்கம் இடிந்த அன்று உள்ளே சிக்கியவர்களிலும் இரண்டு கால்மான்கள். மதியம் கீழிருந்து குரல் வந்தது.

"கால்மான் உயிரோட இருக்கான்! வேற யாரும் பிழைக்கல!"

வாசலில் காத்திருந்த மார்கித்தும் பிரோஷ்காவும் ஒரே நேரத்தில் "என் புருஷன்!" என்று அலறினார்கள். அதன்பின் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மேலே தூக்கி வரப்பட்டவனின் முகம் முழுக்கக் கரி. கண்ணைத் திறக்காமல் "தண்ணி" என்று முனகினான்.

குரலை முதலில் அடையாளம் கண்டவள் மார்கித்.

"உன் வீட்டுக்காரர்தான். போடி."

பிரோஷ்கா நின்ற இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மார்கித்தே மண்டியிட்டு, அவன் தலையை மடியில் ஏந்தித் தண்ணீர் புகட்டினாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றான். கொடுத்தாள்.