பால்கனி தாங்கும் எடை

"மார்ச் 9, 2071. இன்றும் ஒரு தவறு. மேட்டுப்பாத்திக்குக் காய்ந்த மண்ணின் எடையைப் போட்டுவிட்டேன்" என்று குழலி வகுப்பிலேயே நாட்குறிப்பில் எழுதிவைத்தாள்.

"தண்ணி ஊத்தாமலே எலுமிச்சை வளக்கப் போறியா தாயி?" என்று, பால்கனித் தோட்டம் வடிவமைக்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பின் ஆசிரியர் இருதயராஜ் கேட்டபோது எல்லோரும் சிரித்திருந்தார்கள். ஈர மண்ணின் எடையைப் போட்டதும், அவள் வீட்டுப் பால்கனி தாங்குவதைவிட ஐம்பது கிலோ கூடிவிட்டது. வீட்டார் எல்லோருடைய எடையும் அந்தக் கணக்கில் சேர்த்தி. ஊரில் இல்லாத ஒருவரை வரைபடத்திலிருந்து நீக்கலாம் என்று தோட்டம் வரையும் மென்பொருள் தானாகவே வழி சொன்னது.

நிலவுச் சுரங்கத்துக்குப் போன அண்ணன் செழியனிடமிருந்து நான்கு வருடமாகத் தகவல் இல்லை. திரையில் மட்டும் அவன் பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினாள். ஒரே ஒரு எலுமிச்சை வைக்க அனுமதி கேட்டு, குடியிருப்புச் சங்கத்துக்கு ஆறு வருடம் நடந்தவள் அம்மா.

"சும்மா கணக்குக்குத்தாம்மா. அண்ணனை எடுத்துட்டா மரம் வைக்கலாம்."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மரத்த வச்சிட்டா, அவன் வந்து எங்கடி நிப்பான்?"

குழலி நாட்குறிப்பை மறுபடி திறந்தாள்.

"நாளை பாத்தியின் ஆழத்தை ஆறு அங்குலமாகக் குறைக்க வேண்டும். அரைக்கீரை விதை வாங்க வேண்டும்."