ஏழாம் நம்பர் இடம்

"பையில இன்னும் மண்ணை ரொப்பு, கிழவா! போன வருஷம் உன் கூடாரம் கடலுக்குப் போனது மறந்துபோச்சா?"

"அது நீ போட்ட முடிச்சு, கிழவி! அவுந்து தொலைஞ்சது."

கடற்கரை முகாமின் பக்கத்து இடத்தில் டோரீனும் நெவிலும் விடிந்ததிலிருந்து இப்படித்தான். ஜெம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்திரேலியாவின் நிங்களூ கடற்கரைக் காற்று அவளுடைய கூடாரத்தைக் காலையில்தான் பிடுங்கிப் போட்டிருந்தது. மணலில் நிற்காத, புல்தரையில் அடிக்கிற குட்டிக் கூடார ஆணிகளைக் கொண்டுவந்தது அவள் கணவன் ரைலி. "இதை யார் எடுத்து வெச்சது?" என்று அவளிடம் எகிறியதும் அவனேதான்.

கல்யாணமாகி ஐந்தே வாரம். அதற்குள் நான்கு மணி நேரமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நாளை விடிந்ததும் பெர்த்துக்கு, நேராக அம்மா வீட்டுக்குப் போய்விடுவதென்று ஜெம்மா முடிவே கட்டிவிட்டாள்.

டோரீன் கெட்டிலோடு வந்தார். "டீ குடிம்மா. இது என் கெட்டில். அவன் கெட்டில்ல போட்டா மீன் நாத்தம் அடிக்கும்."

"ஆளுக்கொரு கெட்டிலா?"

"கூடாரமும் ஆளுக்கொண்ணுதான். அவன் விடற குறட்டைக்கு ஆமைகூட கரையேறாது."

மதியம் டோரீனும் நெவிலும் கடலில் இறங்கினார்கள். நெவிலுக்கு முழங்கால் மோசம். டோரீன் திட்டிக்கொண்டே அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். இடுப்பளவு தண்ணீரில் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருவரும் குப்புற மிதந்தார்கள். நீரோட்டம் பவளப்பாறைகளுக்கு மேலே அவர்களை மெல்ல நகர்த்திக்கொண்டு போனது. கண்ணுக்கு மறைகிறவரை பிடித்த கையை இருவரும் விடவில்லை.

ஜெம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை சண்டைக்கு நடுவிலும் இப்படி வாழ முடியுமா?

எழுந்து போய் ரைலியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பையில் மணலை அள்ளிப் போட்டாள். "இதைப் பிடி. இன்னும் மூணு வேணும்."

ரைலி அசடு வழிந்தான். "ஆணியை நான்தான் எடுத்து வெச்சேன்."

"தெரியும். பையை நேரா பிடி."

சாயங்காலம் நான்கு பேரும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நெவில் சுட்ட மீனை உப்பு பத்தாது என்று டோரீன் குறை சொல்லி முடிக்கும்வரை ஜெம்மா காத்திருந்தாள்.

"முப்பது வருஷமா இந்த ஏழாம் நம்பர் இடத்துக்குத்தான் வர்றீங்களாமே. இவ்வளவு சண்டை போட்டும் எப்படி இப்படிச் சந்தோஷமா இருக்கீங்க? ரகசியத்தை எங்களுக்கும் சொல்லுங்களேன்."

"விவாகரத்துதான்மா," என்றார் டோரீன், மீனின் நடுத்துண்டை நெவில் தட்டில் வைத்தபடி. "பதினோரு வருஷம் ஆச்சு. வீட்டை வித்துப் பாதிப் பாதி, நாய் அவனுக்கு, கார் எனக்கு. வக்கீல் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார், இந்த இடத்தை மட்டும் ரெண்டு பேருமே விட்டுக்கொடுக்கல!"