சேவகன்கோட்டை டவுனோடு சேர்ந்த நாள்

பண்ணைக்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்த லீலா, சண்முகநதிக் கரையில் திகைத்து நின்றாள்.

எதிர்க்கரையில் சேவகன்கோட்டையைக் காணவில்லை.

மார்கழிப் பனி மூடியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். பனி செம்மண் நிறத்தில் மிதந்து வந்து ஆற்றின்மேல் படிந்தது. புழுதி.

"லீலாவை வெரசா வரச் சொல்லுங்க" என்று மட்டும் அம்மா விசாலாட்சி, காப்பிக்கொட்டை ஏற்றும் ஜீப்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று, மலையிறங்கும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்திருந்தாள் லீலா.

சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

என்றோ ஒரு பாளையக்காரர் ஆற்றையே அகழியாக்கிக் கட்டிய கோட்டை அது. பீரங்கிக்கும் வெள்ளத்துக்கும் விழாதது. மதிலுக்குள்ளே ஓர் ஊர். உள்ளே போக ஒரே வாசல்.

வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்டு மலையேறிப் போனவள் இனி அந்த வாசலைத் தாண்டக் கூடாது என்று ஊர் கட்டுப்பாடு போட்டது. கூட்டத்தில் எழுந்து அதைச் சொன்னவர் ஊர்ப் பெரியவர் சேனாதிபதி. லீலாவின் அப்பா.

அதன்பிறகு தைப்பூசக் கூட்டத்துக்குள் ஒளிந்து, இதே ஆற்றில்தான் அம்மாவும் மகளும் பார்த்துக்கொண்டார்கள். பேரப்பிள்ளைகளைச் சேனாதிபதி பார்த்ததே இல்லை.

கரையேறியதும் அங்கே காத்திருந்த அம்மாவின் கையைப் பிடித்தாள். "அப்பாவுக்கு என்னம்மா?"

"அவருக்கென்ன, அந்தா நிக்கிறாரு. கோட்டையைப் பழனி டவுனோட சேத்தாச்சு. ரோடு போடணும்னு வெள்ளனே மதிலை இடிச்சுட்டாங்க."

புழுதிக்குள் அப்பா நிழல்போலத் தெரிந்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

டவுனோடு சேர்வதா வேண்டாமா என்று ஊர் இரண்டாகப் பிரிந்தபோது, சேரலாம் என்று முதலில் கையைத் தூக்கியவர் அவர்தானாம். ரோடு வாசல் வழியாகவே போகட்டும் என்றவரும் அவரேதானாம். அம்மா சொன்னாள்.

"பாட்டன் பூட்டன் காத்ததைத் தூக்கிக் குடுத்துட்டீரே" என்று பங்காளி அழகுமலை காறித் துப்பிவிட்டுப் போனார்.

சேனாதிபதி ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

லீலா அவரை நோக்கி நடந்தாள். வாசல் இருந்த இடம் வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது.

"ஏன் அங்கனயே நிக்கிறே?"

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் சொல்.

"வாசலைத் தாண்டக் கூடாதுன்னு சொன்னீங்களேப்பா."

அவர் வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். எதையோ தேடுகிறவர் போல வெகுநேரம் பார்த்தார்.

"வாசலா? அது எங்க தாயி இருக்கு?"

பிறகு தோள் துண்டால் முகத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பிள்ளைகளையும் கூட்டியாந்திருக்கலாம்ல?"