முழு மயக்கம்

மூலநோய் ஆபரேஷனுக்காக லுபோவா கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். டாக்டரோ உள்ளே வராமல் திரைக்கு அப்பாலேயே நின்றார். இருவருக்கும் நடுவே தூது போனவள், உகாண்டாவின் வடக்கேயிருந்து புதிதாய் வந்த நர்ஸ் லமுனு.

"ஐயா, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வச்சாப் போதுமாம். சாயங்காலமே வீட்டுக்குப் போயிரலாமாம்."

"வேணாம்மா. முழுசா மயக்கம் குடுக்கச் சொல்லு."

"ஊசிக்கா இவ்வளவு பயம்?"

"பயமில்லம்மா, மானம். எங்க புகாண்டா பக்கத்துல மருமகன் மாமியாருக்கு முகத்தைக் காட்டக் கூடாது. கல்யாணமானதுலேருந்து நான் காட்டினதே இல்ல."

"சரி, இங்க எங்கேருந்து வந்தாங்க மாமியாரு?"

லுபோவா தலையணையில் முகம் புதைத்தார்.

திரைக்கு அப்பாலிருந்து டாக்டரம்மாவின் குரல் கேட்டது.

"லமுனு, மாப்பிள்ளைக்கு முழு மயக்கமே குடுத்துரு. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை."