ஆறாவது பாட்டில் இரைச்சல்

“எல்லாப் பாட்டும் ஒரே சத்தத்துல கேட்கணும். அண்ணன் கார் ஓட்டுவாரா, வால்யூமைத் திருகிட்டிருப்பாரா?” என்றாள் மனைவி.

தான் வீட்டில் பாடிப் பதிந்த பாட்டுகளை அண்ணனுக்கு சிடியாகப் போட்டுத் தரச் சொல்லி, காலையிலிருந்து கணவனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்திருந்தாள்.

“ஆறாவது பாட்டு கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு. மைக்கை எங்கே வச்சே?”

“மேசைக்கு அடியில விழுந்து கிடந்திருக்கு. பாடி முடிச்சப்புறம்தான் பார்த்தேன். சத்தத்தை ஏத்துங்க.”

ஏற்றினான். பாட்டோடு சேர்ந்து ஓர் இரைச்சலும் மேலே வந்தது.

“பக்கத்து வீட்டு டிவி. அழிச்சிடறேன்.”

“இருங்க! சுருதி சேர்ந்து வருதே... இந்த இடத்துல எனக்கு வரி மறந்து நிறுத்திட்டேன். அது நிறுத்தலை பாருங்க!”

மறந்த வரியை ஒரு சன்னக் குரல் பாடி முடித்தது.

கணவன் பாட்டை நிறுத்தினான். “அன்னிக்கு வீட்ல யாரு இருந்தா?”

“நானும் பாப்பாவும்தான்...”

இருவரும் குனிந்தார்கள். மேசைக்கு அடியில் மகள் காலி சிடி உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மனைவி அந்தப் பாட்டைத் தொடங்கி, அதே இடத்தில் நிறுத்தினாள்.

உறைகளிலிருந்து கண்ணை எடுக்காமலே மகள் மீதி வரியைப் பாடினாள், ஐந்து வயதாகியும் ‘அம்மா’ என்றுகூடச் சொல்லாத வாயால்.