கீழ்க்காட்டு மண்

ஒச்சப்பன் தன் நிலத்துச் சரிவிலிருந்த மரங்களை வெட்டியபோது அவன் மனைவி ராக்காயி தடுத்துப் பார்த்தாள். "வேரு பிடிச்சிருக்கவும்தான் மண்ணு நிக்குது."

"நிழல்ல கேரட் வராது" என்று அவன் வேர்க்கட்டைகளையும் தோண்டியெடுத்தான். மேலிருந்து கீழாகவே உழுதான். முதல் வருஷம் நல்ல விளைச்சல். அடுத்த ஐப்பசியில் ஆறு நாள் விடாமல் பெய்த மழை மேல்மண்ணை மொத்தமாக வழித்துக்கொண்டு போனது. பாறைதான் மிச்சம்.

கீழ்க்காட்டுக்கார வீரணன் கல் அடுக்கிக் கரை போட்டிருந்தார். இறங்கி வந்த மண் அங்கே முழங்கால் உயரத்துக்குத் தங்கியது. இந்த வருஷம் அவர் காட்டில் கேரட் ஒவ்வொன்றும் மணிக்கட்டுத் தடிமன். அதைப் பிடுங்கத்தான் ராக்காயி கூலிக்குப் போனாள்.

கடைசி நாள், ஒச்சப்பன் சொல்லியனுப்பியபடி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஒரு கூடை மண்ணு அள்ளிக்கிறேண்ணே. வாசல்ல அவரை போடணும்."

வீரணன் சிரித்தார். "இன்னிக்கு நீ கூடையோட வருவ. நாளைக்கு உம்புருஷன் வண்டியோட வருவான்."

அவள் கைகூடக் கழுவாமல் மேடேறினாள். வாசலில் காத்திருந்த ஒச்சப்பன், "குடுத்தாரா?" என்றான்.

ராக்காயி ஒரு ஈர்க்குச்சியை ஒடித்து, நகக்கண்ணில் இருந்ததைச் சுரண்டி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.