ஸ்வெலிச் வீட்டுப் பட்டயம்

எங்கள் டால்மேஷியத் தீவில், ஸ்வெலிச் குடும்பத்துப் பெண்கள் கோயிலுக்கு மணக்கோலத்தில் புறப்படும்முன், கூடத்துச் சுவரில் தொங்கும் ஆட்டுத்தோல் ஏட்டை முத்தமிடுவது வழக்கம். அறுநூறு வருடங்களுக்கு முன்பு திருச்சபை ஆயர் எங்களைப் பிரபுக்களாக்கித் தந்த பட்டயம் அது.

என் மகள் நெராவின் நிச்சயத்துக்கு வந்த சம்பந்தி லுக்ஷா அதைப் பார்த்துச் சிரித்தார்.

"மத்தி மீனுக்கு உப்புப் போடுற வீட்டுல பட்டயமா? என்ன எழுதியிருக்குன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "லத்தீன் தெரிஞ்சவங்க யாராவது வாசிக்கட்டும். நாங்க பிரபு இல்லைன்னா இந்தக் கல்யாணமே வேண்டாம்!"

நெரா என் கையைக் கிள்ளினாள். நான் கண்டுகொள்ளவில்லை.

"என் தம்பி மடத்துச் சாமிதானே! பார்துல், இங்க வாப்பா!" என்றார் லுக்ஷா.

பார்துல் சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏட்டருகே போனார். முதல் வரியிலேயே அவர் முகம் மாறியது.

"சத்தமா வாசிங்க சாமி, வாசல்ல நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்" என்றேன்.

"வேண்டாமே, பெரியவரே."

"கூச்சப்படாதீங்க. உங்க அண்ணன் தலை குனிஞ்சா குனியட்டும்."

சாமி பெருமூச்சு விட்டு வாசித்தார்:

"'இந்த நூலை எங்கள் மடத்திலிருந்து திருடியவனுக்குச் சொறி பிடிக்கட்டும். அவன் வம்சமே சொறிந்துகொண்டு நரகம் போகட்டும்.'"

நான் நிமிர்ந்தே நின்றேன்.

"எந்த மடம், சாமி?"

"எங்க மடம்தான். அந்த நூலோட இந்தக் கடைசி ஏட்டை அறுநூறு வருஷமா தேடிட்டு இருக்கோம்."

நான் லுக்ஷாவின் தோளில் கைபோட்டேன்.

"பாத்தீங்களா சம்பந்தி? உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் அறுநூறு வருஷப் பழக்கம்!"